மவுஸைத் தொடாத மேடம்

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் முதுகுதான் வருகிறது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட இரண்டு கைகள். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அந்த மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கணினி அறையின் கண்ணாடிக் கதவு வழியாக நான் அவரைப் பார்த்ததெல்லாம் அப்படித்தான். தேர்வு மண்டபத்தில் காவலுக்கு நிற்பவரைப் போல வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருப்பார்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூலாயில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே துறை. பொறியியல் டிப்ளோமா மாணவர்களுக்கு முதல் பருவத்தில் நான் பலகையில் வரையக் கற்றுக்கொடுத்தேன். டி-ஸ்கொயர், தாள், கூர்மையான பென்சில். இரண்டாம் பருவத்தில் அதே மாணவர்கள் அடுத்த அறைக்குப் போய் அவரிடம் கணினியில் வரையப் பழகினார்கள். அந்தப் பாடத்தைக் 'கேட்' என்று சுருக்கிச் சொல்வோம். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாற்பது பலகைகள். அந்தப் பக்கம் இருபத்து நான்கு கணினிகள், அதில் ஐந்து ஓடாது. ஓடாத ஐந்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சிரிப்புச் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் அதிகம் வரும்.

அவர் எந்த மாணவனுடைய மவுஸையும் தொடமாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நானும் கணினியில் வரையத் தெரிந்தவன்தான். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகவே படித்துக்கொண்டேன். அவர் விடுப்பில் இருக்கும்போது அந்த வகுப்பையும் பார்த்துக்கொள்வேன். மாணவன் தடுமாறினால் "கொடு இங்க" என்று மவுஸை வாங்கி, கோட்டைச் சரியாகப் போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் போவேன். வகுப்பு முடியும்போது எல்லாருடைய படமும் முடிந்திருக்கும். அவருடைய வகுப்பில் பாதிப் பேருடையதுதான் முடிந்திருக்கும். இதை நான் துறைத் தலைவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். அதோடு சரி.

முதல் நாள் வகுப்பை அவர் ஆரம்பிக்கும் விதம் சுவர் வழியாகவே எனக்கு மனப்பாடம்.

"எல்லாரும் எஸ்கேப் அமுக்குங்க. இன்னொரு வாட்டி. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மேடம்."

"நல்லது. ஒண்ணும் நடக்காத எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம். கோடு போட எல் அடி. எண்டர் தட்டு. இப்பக் கீழ பாரு. அது ஒன்ன என்னமோ கேக்குது."

திரையின் அடியில் ஒற்றை வரியில் அந்த மென்பொருள் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. படத்தின் நடுவையே வெறித்துக்கொண்டு கண்ட இடத்தில் சொடுக்குவார்கள்.

"மொதப் புள்ளி எங்கன்னு கேக்குது மேடம்."

"கேட்டா பதில் சொல்லு லா! ஒங்க அம்மா சோறு போடவான்னு கேட்டா இப்படித்தான் முழிச்சிக்கிட்டு நிப்பியா?"

சிரிப்பு. என் பக்கத்தில் நாற்பது பேரும் பென்சிலை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். அடுத்த பருவம் எப்போது வரும் என்கிற பார்வை அது. எனக்குத் தெரியாதா?

ஏன் தொடமாட்டீர்கள் என்று அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். துறைத் தலைவரிடம் சுகாதாரம் என்றார். மாணவர்களிடம், "நீங்க கேன்டீன்ல கோரேங் பீசாங் தின்னுட்டு அந்த எண்ணெக் கையோடயே வந்து உக்காருறீங்க. அத நான் வேற தொடணுமா?" என்றார். என் மகளிடம் சொன்னது மூன்றாவது. சிங்கப்பூரில் அவர் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் ஒருவர் நல்ல மனிதராம். இவர் தடுமாறும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே வரைந்து கொடுத்துவிடுவாராம். "அவரு வேலய விட்டுப் போன அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றாராம். மூன்றில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பண்டார் தெங்காராவிலிருந்து தினமும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே காரோட்டி வருவார். கார் எப்போதும் சேறு. கைப்பையில் ஒரு பொட்டலம் குவாச்சி இருக்கும். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தத் தர்ப்பூசணி விதைகளை முன்பல்லால் உடைத்து உடைத்துத் தின்பார். தோலைக் காகிதத்தில் வரிசையாக அடுக்குவார். அடக்கமானவர் என்று யாரும் சொல்ல முடியாது. தன் பாடத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்குத் தெரியும், அதை மறைக்கவும் மாட்டார். ஆசிரியர் தினத்தன்று எனக்கு மூன்று குவளைகளும் ஒரு பேனாவும் கிடைத்தன. அவருடைய மேசையில் பொருள்களை வைக்க இடமில்லாமல் நாற்காலியில் வைத்திருந்தார்கள். பதினான்கு வரை எண்ணினேன். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் குவாச்சி உடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க மேடம்."

"ஒங்க புள்ளைங்க எல்லாரும் ஏன் சார் பாதியாவே வரையறாங்க? நூத்திருபதுன்னு போட்டிருந்தா அறுபதுன்னு அடிக்கிறாங்க."

"ஒண்ணுக்கு ரெண்டுங்கிற அளவுல வரையச் சொல்லிக் குடுத்திருக்கேன். இல்லன்னா தாள்ல எப்படி அடங்கும்?"

"அங்கதான் தாளே இல்லயே சார்."

எதிரில் இருந்த இரண்டு மலாய் ஆசிரியர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சிரித்ததைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது சரிதான். கணினியில் பொருளை அதன் உண்மையான அளவிலேயே வரைய வேண்டும். அச்சிடும்போதுதான் எவ்வளவு சுருக்குவது என்று முடிவு செய்வது. ஆனால் என் மாணவர்களுக்கு மனத்துக்குள்ளேயே பாதியாக்கும் பழக்கம் வந்துவிட்டது. நான் ஒரு பருவம் முழுவதும் உழைத்து வரவழைத்த பழக்கம். அறுபது என்று கோடு போடுவார்கள். அளவு குறிக்கும் கட்டளையைக் கொடுத்தால் இயந்திரமும் அறுபது என்றே எழுதும். பயந்துபோய் அந்த எண்ணை மட்டும் கையால் அழித்து நூற்றிருபது என்று மாற்றிவிடுவார்கள். கோடு ஒன்று சொல்லும், எழுத்து ஒன்று சொல்லும்.

வேறு யாராக இருந்தாலும் மவுஸை வாங்கித் திருத்தியிருப்பார்கள். அவர் அந்தப் படங்களை முழு அளவில் அச்சிட்டார். அவர்கள் பார்த்து வரைந்த இரும்புத் தாங்கியையே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "இத அது மேல வச்சுப் பாரு" என்றார். தாங்கி படத்தை முழுக்க மூடி வெளியே வழிந்தது.

"அலமாக்! மேடம், தாங்கி குட்டி போட்டிருக்கு!" என்று ஒரு பையன் கத்தினான். அன்றைய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் சுவரின் இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர்கள் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததா?

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். தங்காக்கிலிருந்து ஒரு பையன் வந்து படித்தான். வீட்டில் துணிக்கடை. கூச்ச சுபாவம். அவருடைய வகுப்பில் உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும். இரண்டாம் பருவம் பாதியில் அவன் என்னிடம் வந்து, "அந்த மேடம் பக்கத்துல நிக்கிறாங்க சார், ஆனா செஞ்சு குடுக்கவே மாட்டேங்கிறாங்க. எல்லாரும் என்னயவே பாக்குறாங்க" என்றான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

நான் அதை அவரிடம் சொன்னேன். சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. அவர் குவாச்சிப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பையன் வீட்டுக்குப் போன் செய்தார். கடைக்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பையன் திரும்பவில்லை.

"நான் தொட்டிருந்தா இருந்திருப்பான் சார். எனக்குத் தெரியும்" என்றார் ஒரு நாள், நான் கேட்காமலே.

இனி மாறுவார் என்று நினைத்தேன். மணியடித்ததும் எழுந்து கணினி அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முதுகு. கட்டிய கைகள்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஓர் ஆசிரியருக்கு இன்னோர் ஆசிரியர் மேல் வரும் எரிச்சல். அது எங்கும் உள்ளதுதான். அதைத் தாங்கியிருப்பேன். ஆனால் என் மகளும் அதே கல்லூரியில் சேர்ந்தாள்.

அவள் எனக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்து எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்பாள். சிங்கப்பூர் போகும் பாலத்தில் எத்தனை விளக்குக் கம்பம், நம் வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு. நானும் எண்ணிச் சொல்வேன். பொறியியல் படிக்கிறேன் என்றபோது, அடுத்த மூன்று வருடமும் அவளுக்கு நான்தான் தேவைப்படுவேன் என்று கணக்குப் போட்டேன். முதல் பருவம் அப்படித்தான் போனது. இரண்டாம் பருவத்தில் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

இரவுச் சாப்பாட்டில் "மேடம் சொன்னாங்க" வர ஆரம்பித்தது. மேடம் இப்படிச் சிரித்தார், மேடம் அப்படித் திட்டினார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே எத்தனை மேடம் என்று எண்ணினேன். ஒன்பதில் நிறுத்திவிட்டேன், குழம்பு ஆறிப்போனது.

"என்னங்க, வெரல மடக்கிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"அந்த டீச்சர் மேல இவ்ளோ பொறாமயா?" என்று ரசத்தை ஊற்றினாள். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதோ வால்வு ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வளைவு சரியாக வரவில்லை. அழிக்கிறாள், போடுகிறாள், அழிக்கிறாள். அந்த வளைவுக்கு மையப்புள்ளி எங்கே என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. பின்னாலிருந்து கையை நீட்டி மவுஸைப் பிடித்தேன்.

"அப்பா, கைய எடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். என் கைக்குக் கீழே அவள் கை இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அந்த வளைவை முடிப்பதற்குள் நான் ஒரு குவளை கோப்பி கலக்கி, குடித்து, குவளையைக் கழுவியும் ஆகிவிட்டது. முடித்த பிறகு என்னிடம் காட்டவில்லை. போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கு என்று கேட்க வேண்டுமா?

படிப்பு முடியும் வருடம் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. கூலாயிலேயே என் நண்பருக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் இருந்தது. வீட்டிலிருந்து பக்கம். சோதனை, நேர்காணல் எதுவும் இல்லை, வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். ஏதாவது புரியாவிட்டால் மாலையில் என்னிடம் கேட்டுக்கொள்ளலாம். மகளோ பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையைச் சொன்னாள். பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு செய்கிற இடம். அங்கே போனால் ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து, அளந்து, ஒரு மணி நேரத்தில் வரையச் சொல்வார்களாம்.

"யாரு சொன்னா?"

"மேடம்தான்ப்பா. என்னால முடியும்ங்கிறாங்க."

"நான் முடியாதுன்னா சொன்னேன்?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலியேப்பா" என்றாள்.

சோதனைக்கு முதல் நாள் பிற்பகல் மேடம் அவளுக்குக் கணினி அறையில் ஒரு ஒத்திகை வைத்தார். வீட்டுக்குக் கூட்டிப் போக நான் கதவுக்கு வெளியே காத்திருந்தேன். உள்ளே அவர்கள் இருவர் மட்டும். மேசையில் ஒரு தண்ணீர்ப் பம்பின் மூடி. மேடம் தன் பெரிய கடிகாரத்தைக் கழற்றி மகளின் முன்னால் வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், மூடியைப் பாதியாக வெட்டிக் காட்டும் படத்தில் வெட்டுமுகத்துக்குச் சாய்கோடுகள் நிரப்ப வேண்டும். நிரம்பவில்லை. எல்லைக்கோட்டில் எங்கோ ஓர் இடைவெளி இருந்தால் அந்த மென்பொருள் நிரப்ப மறுத்துவிடும். மயிரிழை இடைவெளி போதும், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. மகள் திரும்பத் திரும்பக் கட்டளை கொடுத்தாள். திரும்பத் திரும்ப அதே மறுப்பு. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று வெளியிலிருந்தே தெரிந்தது.

மேடத்தின் கைகள் பின்னாலேயே இருந்தன.

நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். மகளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். என் கண் பலகையில் பழகிய கண். வலது மேல் மூலையில் வளைவு கோட்டைத் தொடாமல் நின்றிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. மவுஸுக்குக் கையை நீட்டினேன்.

நடுவழியில் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. குளிர்சாதனத்தில் சில்லிட்டுப்போன கை. நான் நினைத்ததைவிடப் பலமாக இருந்தது.

"வேணாம் சார்" என்றார் மெதுவாக.

"நேரம் போவுது மேடம்."

"போவட்டும்."

"அவ அழுவுறா."

"தெரியுது சார்."

அவர் குரலும் சரியாக இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனால் விடவில்லை. இருவரும் என் மகளுக்குப் பின்னால் அப்படியே நின்றோம். அவள் திரும்பவே இல்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அடிவரியைப் படித்தாள். படத்தைப் பெரிதாக்கி, இடது கீழ் மூலையிலிருந்து ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைக் கண்ணாலேயே வலது மேல் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியாக அங்கே வந்தாள். நான் கண்டுபிடித்த அதே மூலை. வளைவை நீட்டிக் கோட்டோடு சேர்த்தாள். சாய்கோடுகள் ஒரே நொடியில் நிரம்பின.

"டைம் தாண்டிருச்சு" என்றார் மேடம், கடிகாரத்தை எட்டிப் பார்த்து. "நாளைக்கி மூலையெல்லாம் மொதல்லயே பாத்துக்க." அதற்குப் பிறகுதான் என் கையை விட்டார்.

எனக்கு இடம் தெரியும். என்னால் இரண்டு சொடுக்கில் முடித்திருக்க முடியும். அவர் தடுத்தது சரி என்று என் மனைவி சொல்கிறாள், மகளும் சொல்கிறாள். அழுகிற பிள்ளைக்குக் கை கொடுக்கத் தகப்பனுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன். அடுத்த வருடம் அவர் கல்லூரியை விட்டுப் போனார். இப்போது எங்கே இருக்கிறார் என்று என் மகளுக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை நான்தான் அவளைப் பாசிர் கூடாங்குக்குக் கூட்டிப் போனேன். தொழிற்சாலை வாசலுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை எண்ணினேன். சக்கரங்களை எண்ணினேன். வெயில் கண்ணாடியில் ஏறியது. சோதனை முடிந்து, பேசி முடித்து, அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள்.

காவலாளி அறைக்குப் பக்கத்தில் அவள் வெளியே வந்தாள். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தாள். காரை எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து நானும் என் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். விரலைப் பச்சைப் பொத்தான் வரும் இடத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். போன் அடிக்கவில்லை. அங்கே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். பேசிக்கொண்டே நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தாள். காவலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள், தலையை ஆட்டினாள், சிரித்தாள். பிறகுதான் சாலையின் இரு பக்கமும் பார்த்து, காரைக் கண்டுபிடித்து, ஓடி வந்தாள்.

"அப்பா! கெடச்சிருச்சுப்பா!"

"சந்தோஷம்மா" என்றேன். சந்தோஷம்தான். "யாருக்கிட்டப் பேசிக்கிட்டு இருந்த?"

"மேடம்கிட்டப்பா. அவங்க அழுவுறாங்க, நம்ப முடியுதா?"

போனைக் கீழே வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினேன். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்தப் பாகத்தைக் கொடுத்தார்கள், எங்கே தடுமாறினாள், எப்படி முடித்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன், இரண்டாவது ஆளாக.